மகளின் அரங்கேற்றத்துக்கு எந்த மிரர்லெஸ் கேமரா?

ஈசூன்வாசி:
வணக்கம். எட்டு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்றுவரும் என் மகளுக்கு டிசம்பரில் அரங்கேற்றம். கைப்பேசியில் எடுத்தால், அவள் அரைமண்டியில் அசையாமல் நிற்கும்போது முகம் தெளிவாக விழுகிறது. தீர்மானத்துக்கு (ஜதியை முடிக்கும் அடவுகளுக்கு) வேகமாகச் சுழலும்போதோ கைகள் புகையாய்க் கலைந்துவிடுகின்றன. 1,800 சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். கடையில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவையே வலியுறுத்துகிறார்கள். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராக்களான சோனி ஏ6400, கேனன் ஆர்50 இரண்டில் ஒன்றை வாங்கினால் போதுமா?

தேக்கா நடையர்:
தாராளமாகப் போதும், ஐயா. உங்கள் பணத்தில் பெரும்பங்கு பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்50 உடன் வழக்கமாகக் கிடைக்கும் 18-45 மி.மீ. லென்ஸ், முழுதாக ஜூம் செய்யும்போது எஃப்6.3 வரைதான் திறக்கும் (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). கேனனின் 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸோ அதைவிடச் சுமார் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, அதே ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) அளவில், ஷட்டர் திறந்திருக்க முதல் லென்ஸ் 1/30 நொடி கேட்கும் இடத்தில் இரண்டாவதற்கு 1/350 நொடி போதும், சுழலும் கை விரல்விரலாகத் தெரியும். இந்த இரண்டு பாடிகளிலும் அதிர்வுத் தடுப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். அது நம் கைநடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஆடுபவரின் அசைவை நிறுத்தாது. சத்தம் வராதென்று மின்னணு ஷட்டரை (திரை அசையாமல் சென்சாரே படத்தைப் பதியும் முறையை) மட்டும் நம்பிவிடாதீர்கள். மேடையில் எல்இடி விளக்குகள் இருந்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் விழக்கூடும்.

பழைய படச்சுருள்:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எந்த வரிசையில் உட்காரப்போகிறீர்கள் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். முன்வரிசை என்றால் 50 மி.மீ. பொருந்தும், நடு அரங்கிலிருந்து எடுத்தால் ஆள் சிறிதாகிவிடுவார். கோயில், திருமணம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் வேண்டுமானால், சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப்2.8 சோனிக்கும் கேனனுக்கும் கிடைக்கிறது.

இன்னொன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈராண்டு துணி அலமாரியில் கிடந்த என் லென்ஸை ஒருநாள் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் உலர்பெட்டி (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இல்லாமல் கேமரா வைத்திருக்கவே கூடாது. உள்ளே ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் போதும்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியையிடம் கேட்டதில், பெற்றோருக்கு இரண்டாம் வரிசை என்றார். எனவே ஆர்50, 50 மி.மீ. லென்ஸ், சிறிய உலர்பெட்டி ஒன்று என முடிவு செய்துவிட்டேன். ஒத்திகைக்கு முன்பே வாங்கிவிட்டால், மகள் வீட்டில் பயிற்சி செய்யும்போதே ஷட்டர் வேகத்தைப் பழகிக்கொள்ளலாம்.