4 வயதுக் குழந்தைக்கு வீட்டு வேலைகளுக்கு நடுவே எண்ணச் சொல்லித்தருவது எப்படி?

வேளச்சேரி_அம்மா கேட்டது:

பெண்ணுக்கு அடுத்த மாதம் 4 வயது முடிகிறது. காலையில் கிளம்பும் வரை ஒன்றரை மணி நேரம், மாலையில் சமையல் முடியும் வரை ஒரு மணி நேரம், அவளோடு இருக்கக் கிடைப்பது இவ்வளவுதான். உட்கார வைத்துச் சொல்லித்தர எனக்கு நேரமில்லை, அவளுக்குப் பொறுமையில்லை.

20 வரை கடகடவென்று சொல்கிறாள். ஆனால் "4 தக்காளி எடுத்துட்டு வா" என்றால் இரண்டு கையிலும் கொள்கிற அளவுக்கு அள்ளி வருகிறாள். சமையல், துணி மடிப்பது, குளியல், கடைக்குப் போவது, இவற்றுக்குள்ளேயே என்ன சொல்லித்தரலாம்? "குழந்தையோடு நிறையப் பேசுங்கள்" என்கிற அளவில் இல்லாமல், எந்தப் பொருள், எத்தனை, என்ன கேட்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலர்வகுப்பு_டீச்சர்:

அவ அள்ளிட்டு வர்றது தப்பில்லைங்க, அந்த வயசுக்கு இயல்பு. 20 வரை சொல்றது பாட்டு ஒப்பிக்கிற மாதிரி. முன்னாடி வெச்ச பொருளை எண்றது அதுக்கு அடுத்தது. "4 கொடு"ன்னா எடுத்துக் கொடுக்கிறது இன்னும் கஷ்டம், ஏன்னா 4-ங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டே எண்ணணும், சரியான இடத்துல நிறுத்தவும் தெரியணும். நிறையக் குழந்தைகளுக்கு இது மூணரை வயசுக்கு மேலதான் பிடிபடும்.

முதல்ல அவ எங்க நிக்கிறான்னு பாருங்க. ஒரு கிண்ணத்துல 10 ஸ்பூன் வெச்சு "1 கொடு", "2 கொடு", "3 கொடு"ன்னு தனித்தனியா கேளுங்க. எந்த எண்ல கைநிறைய அள்ள ஆரம்பிக்கிறாளோ, அந்த எண்தான் இப்போ பாடம். அதுக்கு மேல போக வேண்டாம்.

வீட்டுல இருக்கிறதிலேயே நல்ல கருவி இட்லித் தட்டு. பொதுவா ஒரு தட்டுல 4 குழி இருக்கும். தட்டைக் கையில கொடுத்து "குழிக்கு ஒண்ணா தக்காளி வெச்சுக் கொண்டு வா"ன்னு சொல்லுங்க. எண்ணத் தெரியாமலே 4 சரியா வந்துடும். வந்ததும் நீங்க ஒவ்வொண்ணா எடுத்துத் தனியா நகர்த்தி வெச்சு "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மொத்தம் நாலு தக்காளி"ன்னு சொல்லுங்க. அந்த "மொத்தம்" முக்கியம். கடைசியா சொன்ன எண்தான் முழு அளவுன்னு குழந்தைக்குத் தானாத் தெரியாது. "எத்தனை இருக்கு?"ன்னு கேட்டதும் மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சா, அது இன்னும் புரியலைன்னு அர்த்தம்.

எண்ணின பொருளை நகர்த்தி வைக்கிறதும் அவசியம். ஒரே தக்காளியை ரெண்டு தடவை எண்றது, ஒண்ணை விட்டுட்டுப் போறது, ரெண்டும் குவியலா இருந்தாத்தான் அதிகம் நடக்கும்.

சரியா வர ஆரம்பிச்சதும் தட்டு வேண்டாம், 4 விரலைக் காட்டிச் சொல்லுங்க. அதுவும் பழகினதும் வாயால மட்டும். நடுவுல ஒரு குழியைக் காலியா விட்டு "இன்னும் எத்தனை வேணும்?"னு கேட்டீங்கன்னா அதுதான் கழித்தலுக்கு ஆரம்பம்.

மாவும்_அளவும்:

டீச்சர் சொன்னதோடு சேர்த்து இட்லி மாவை விட்டுவிடாதீர்கள்.

அரிசி 4 டம்ளர், உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். இரண்டுக்கும் ஒரே டம்ளர். அளப்பது அவள் வேலை. எத்தனை போட்டோம் என்பது நடுவில் மறந்துபோகும், பெரியவர்களுக்கே மறக்கும். அதனால் ஒவ்வொரு டம்ளர் அரிசி கொட்டியதும் பாத்திர விளிம்பில் துணி கிளிப் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். 4 கிளிப் வந்தால் நிறுத்த வேண்டும். கிளிப்பை அமுக்குவது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நல்ல பயிற்சி. பின்னால் பென்சில் பிடிக்கப்போவது அதே விரல்கள்தான்.

டம்ளரைக் கோபுரமாக நிரப்பினால் அளவு கூடிவிடும். ஸ்பூன் காம்பால் மேலே வழித்துத் தலைதட்டக் காட்டுங்கள். கீழே அகலத் தாம்பாளம் வைத்தால் சிந்துவது அதிலேயே விழும், திட்ட வேண்டியிருக்காது.

அரைத்த மாவில் கொஞ்சத்தை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் பாதி அளவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள். டப்பாவை இறுக்கி மூடாதீர்கள், வாயு வெளியே போக வழி வேண்டும். "காலையில் மாவு எங்கே இருக்கும்?" என்று கேட்டு, அவள் காட்டும் இடத்தில் இன்னொரு ரப்பர் பேண்ட். மறுநாள் எழுந்ததும் பார்க்க ஓடிவருவாள். சென்னை வெயிலில் 8 மணி நேரத்துக்குள் நன்றாக எழும்பிவிடும், மார்கழிக் குளிரில் கூடுதலாகப் பிடிக்கும். பாதிக்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும்.

ஒல்லியான உயர டம்ளரில் இருக்கும் தண்ணீர்தான் அகலக் கிண்ணத்தில் இருப்பதைவிட அதிகம் என்று இந்த வயதில் சாதிப்பார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. வாதாடித் திருத்த வேண்டாம். அதில் இருந்து இதில், இதில் இருந்து அதில் என்று ஊற்ற விடுங்கள். 6, 7 வயதில் தெளிந்துவிடும்.

நிதானம்:

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ஒரு வேலை, அதில் ஒரே விஷயம், 10 நிமிடத்துக்குள். கேள்வி மேல் கேள்வி கேட்டால் குழந்தைக்குப் பரீட்சையாகிவிடும், அடுத்த நாள் சமையலறைப் பக்கமே வராது. ஒரு கேள்வி கேட்டால், அடுத்த இரண்டு பேச்சு நீங்கள் பார்ப்பதைச் சொல்வதாக இருக்கட்டும்: "இந்தத் தக்காளி பெருசு", "இதுல காம்பு இல்ல". கேட்டபின் மனதுக்குள் 5 வரை எண்ணிக் காத்திருங்கள். பதிலை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

காலை நேரத்தில் எண்ணிக்கை வேண்டாம், உடை போதும். சட்டைப் பட்டனைக் கீழிருந்து போடப் பழக்குங்கள். கீழ் ஓரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொடங்கினால் ஒன்று மாறி ஒன்றில் மாட்டாது, குனிந்தால் கண்ணுக்கும் தெரியும். ஆரம்பத்தில் மற்ற பட்டன்களை நீங்கள் போட்டு, கடைசி ஒன்றை மட்டும் அவளிடம் விடுங்கள். வேலையை முடித்தவள் அவளாக இருப்பாள். பழகப் பழக, கடைசி இரண்டு, கடைசி மூன்று.

சமையலறையில் எரியும் அடுப்பு, குக்கர் பக்கம் வேண்டாம். மேடை மேல் உட்கார வைப்பதைவிடத் தரையில் பாய் விரித்துத் தனி இடம் கொடுப்பது நல்லது. கொண்டைக்கடலை, நிலக்கடலை, புளியங்கொட்டை எதையும் எண்ணக் கொடுக்காதீர்கள். மூக்கில் போட்டுக்கொள்வதும் தொண்டையில் சிக்குவதும் நாம் திரும்பும் நேரத்தில் நடந்துவிடும்.

வேளச்சேரி_அம்மா:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்பூன் வைத்துப் பார்த்தேன். 3 வரை சரியாகக் கொடுக்கிறாள், 4 கேட்டால் அள்ளுகிறாள். இட்லித் தட்டில் ஆரம்பிக்கிறேன். எழுத்தையும் இப்படிச் சொல்லித்தரலாமா? கடைப் பலகைகளைக் காட்டி என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பாலர்வகுப்பு_டீச்சர்:

தாராளமா. ஆனா எழுத்துக்கு முன்னாடி ஒலி. குளிச்சுத் துவட்டும்போது வீட்டுல இருக்கிறவங்க பேரைக் கைதட்டிப் பிரிச்சுச் சொல்லுங்க: அம்-மா, பாட்-டி, தாத்-தா. அப்புறம் "ப-வுல ஆரம்பிக்கிறது எது, பழமா தண்ணியா?"ன்னு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. வெறும் "ப-வுல ஒரு சொல் சொல்லு" இந்த வயசுக்கு ரொம்பக் கஷ்டம்.

வடிவம்னு வரும்போது ட, ப, ம மாதிரி நேர்கோடு அதிகம் இருக்கிறதுலேருந்து தொடங்குங்க. அ-வுல சுழியும் வளைவும் சேர்ந்து வரும், அது பிறகு. பென்சில் வேண்டாம். குளியலறைச் சுவர்ல ஈரவிரலால எழுதட்டும், பெருசா.

கடைவீதியில ஒரு நடைக்கு ஒரே எழுத்து. "இன்னிக்கு ப தேடலாம்." பலகையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க: பால், பழம் நல்லது. பேக்கரி, பொம்மை வேண்டாம், அதுல கொம்பு முன்னாடி நிக்கிறதால முதல்ல கண்ணுக்குப் படறது ப இல்ல. பூக்கடையும் இப்போ வேண்டாம், பூ-வுல ப-வோட உருவமே மாறிடும். அலங்கார எழுத்துப் பலகைகளைத் தாண்டிப் போயிடுங்க. பஸ்ஸோட முகப்புப் பலகையில எழுத்து தெளிவா இருக்கும், நின்னுட்டு இருக்கிற பஸ்ஸா பாருங்க.

4 நல்லாப் பிடிபட்டதும் 5-க்கு இட்லித் தட்டோட பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணம் சேர்த்து வைங்க.