நடிகை சுகுமாரி அம்மா நம்ம நாகர்கோவில்காரரா? அவர் படங்களில் எதையெல்லாம் பார்க்கலாம்?

தக்கலைக்காரி

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று மதியம் டிவியில் 'பட்டிக்காடா பட்டணமா' ஓடிக்கொண்டிருந்தது. ஜெயலலிதாவுக்கு அம்மாவாக, பட்டணத்துப் பணக்காரத் திமிரோடு ஒருவர் வருவாரே, அவரைக் காட்டி என் அம்மச்சி, "இவ நம்ம நாகர்கோயில் பிள்ளையாக்கும், உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யார் என்று தேடிப் பார்த்தால் சுகுமாரி! 'பூவே உனக்காக' படத்தில் பாட்டியாக வந்தவர் என்றுதான் எனக்கு அவர் முகம் பதிந்திருந்தது, இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதே நேற்றுதான் புரிந்தது.

சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் கொச்சித் தோழியிடம் போனில் இதைச் சொன்னேன். அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "சுகுமாரி சேச்சி முழுக்க முழுக்க எங்கள் ஆள், நீங்கள் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம்?" என்கிறாள். அம்மச்சியோ விடுவதாக இல்லை.

அவர் உண்மையில் எந்த ஊர்? எப்படி சினிமாவுக்கு வந்தார்? அப்புறம், அவரை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்? மலையாளம் என்றாலும் பரவாயில்லை, தக்கலையில் வளர்ந்தவளுக்கு சப்டைட்டில் தேவையில்லை.

வடசேரி வாசகர்

உங்கள் அம்மச்சி சொன்னது சரி. சுகுமாரி பிறந்தது நாகர்கோவிலில், 1940 அக்டோபர் 6. அன்றைக்கு இந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவருக்கு வயது பதினாறு. அதற்குள் அவர் சினிமாவுக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது! அதனால் உங்கள் தோழி சொல்வதும் தப்பில்லை. பேச்சு மலையாளம், பிறந்த மண் இது, பிழைத்த ஊர் மெட்ராஸ்.

லலிதா, பத்மினி, ராகினி மூவரும் அவருக்கு உறவுமுறையில் அக்காமார். அந்த வீட்டோடு சின்ன வயதிலேயே மெட்ராஸ் போய், அவர்களுடைய நாட்டியக் குழுவில் ஆடத் தொடங்கினார். முதல் படம் 'ஓர் இரவு', 1951. அண்ணாவின் நாடகத்தைப் படமாக்கியது, ஏ.வி.எம். தயாரிப்பு, ப. நீலகண்டன் இயக்கம். அதில் லலிதாவும் உண்டு. சுகுமாரிக்குச் சின்ன வேடம்தான், பத்து வயதுப் பிள்ளை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அதே 1951-இல்தான் நம்ம ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், பத்மினியைக் கதாநாயகியாகப் போட்டு 'மணமகள்' எடுத்தார். அந்தக் குடும்பம் தமிழ் சினிமாவில் ஊன்றிக்கொண்டதற்கு நம்ம ஊர்க்காரர் ஒருவர் காரணம் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

மார்த்தாண்டம் மேற்கு

ஊர்க் கணக்கு வடசேரிக்காரர் சொல்லிவிட்டார், நான் படங்களுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஆன்டெனா எப்போதும் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும், காற்றடித்துத் திரும்பிவிட்டால் அப்பா ஓட்டின் மேல் ஏறுவார், கீழே இருந்து நாங்கள் "தெரியுது, இல்ல இல்ல, போச்சு" என்று கத்துவோம். தூர்தர்ஷனில் அப்படிப் பார்த்த மலையாளப் படங்களில் சுகுமாரி சேச்சி இல்லாத படம் குறைவு. ஒரு வாரம் நாயர் தறவாட்டு அம்மா, அடுத்த வாரம் சட்டக்காரி, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண், அதற்கடுத்த வாரம் பிராமண வீட்டு மாமி. எல்லாம் ஒருவரே என்று எங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு வாரமும் புது ஆளாகத்தான் நம்பினோம்.

முதலில் 'போயிங் போயிங்' பாருங்கள், 1985, பிரியதர்ஷன் படம். மூன்று விமானப் பணிப்பெண்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் காதலிக்கும் மோகன்லால், அந்த வீட்டுச் சமையல்காரி டிக் அம்மாயியாக சுகுமாரி. சிரிக்க வைக்க வேண்டும் என்று அவர் எதுவுமே செய்வதில்லை, அதைக் கவனியுங்கள். அந்த அம்மாயிக்குத் தன் வேலையும் கோபமும்தான் முக்கியம், சிரிப்பு தானாக வருகிறது.

அடுத்து 'சட்டக்காரி', 1974. ஜூலியாக லட்சுமி, அவருடைய ஆங்கிலோ இந்திய அம்மா மார்கரெட்டாக சுகுமாரி. கல்யாணமாகாத மகள் கர்ப்பமானது தெரிந்ததும், கணவனுக்குத் தெரியாமல் அத்தனையையும் தன் தலையில் சுமக்கிற தாய். இந்தியில் இதை 'ஜூலி' என்று எடுத்தபோது அந்த வேடத்தில் நடித்த நாதிராவுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. எனக்குச் சுகுமாரிதான் ஒரு படி மேல். கத்திவிட்டு உடனே மகளைத் தொடுகிற கை, அது எழுதி வைத்துச் சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

பிறகு பத்மராஜனின் 'அரப்பட்ட கெட்டிய கிராமத்தில்'. அதில் விபச்சார விடுதி நடத்தும் மாளுவம்மா. கேரள அரசின் விருது அதற்குக் கிடைத்தது, அந்த மாநில விருதை அவர் பலமுறை வாங்கியிருக்கிறார். கடைசியாக இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'நிழல்க்குத்து', 2002. 1940-களின் திருவிதாங்கூர், தூக்குப் போடுபவரின் மனைவி மரகதம். வசனம் கொஞ்சம்தான். குற்றமில்லாதவனைத் தூக்கிலிட்டுவிட்டோமோ என்று குடித்துக் குடித்துக் கரைகிற மனிதனின் பக்கத்தில் வாழ்கிற பெண். தான் பிறந்த காலத்தையும் ராஜ்ஜியத்தையும் அறுபது வயதுக்கு மேல் நடித்துக் காட்டியிருக்கிறார்.

என் வருத்தம் ஒன்றுதான். தமிழ் சினிமா அவரைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. பணக்கார மாமியார், கடைசியில் பாட்டி, அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

பறக்கை அக்கா

மார்த்தாண்டம் தம்பி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியை மறுக்கிறேன்.

வேடம் கொடுத்த விதத்தில் நியாயம் இல்லை, அது உண்மை. 'பட்டிக்காடா பட்டணமா' 1972-இல் வந்தபோது சுகுமாரிக்கு முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ வயது. மகளாக நடித்த ஜெயலலிதா 1948-இல் பிறந்தவர். எட்டு வயது வித்தியாசம்கூட இல்லை! முப்பது தாண்டியதும் அம்மா ஆக்கிவிடுவார்கள், நாற்பதில் பாட்டி. கதாநாயகர்கள் அப்போதும் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். சுகுமாரி அதற்காகச் சோர்ந்து உட்காரவில்லை. அம்மா என்றால் எத்தனை வகை அம்மா என்று நடித்துக் காட்டினார். அந்தப் படத்தையே இன்னொரு தடவை பாருங்கள், தன் பிள்ளை ஒரு பட்டிக்காட்டானுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாளே என்ற பயம் அந்தத் திமிருக்கு அடியில் இருக்கும். திமிர் மட்டும் நடிப்பது சுலபம்.

ஆனால் தமிழ் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். மேடையை மறந்துவிட்டீர்கள். சோ ராமசாமியின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவில் அவர் வருடக்கணக்காக நாடகம் போட்டவர். பகலில் படப்பிடிப்பு, சாயங்காலம் சபாவில் நாடகம். ஆயிரக்கணக்கான தடவை மேடை ஏறியிருக்கிறார். ஒரு சிரிப்பு அடங்குவதற்குக் கொஞ்சம் காத்திருந்து அடுத்த வசனத்தை எடுப்பது, எதிரில் இருப்பவர் பேசும்போது சும்மா நிற்காமல் கேட்டுக்கொண்டிருப்பது, இதெல்லாம் சபாவில் உட்கார்ந்திருக்கும் ஜனம் அன்றன்றைக்குக் கற்றுக் கொடுக்கிற பாடம். டிக் அம்மாயி வந்தது அந்தத் தமிழ் மேடையிலிருந்துதான் என்பது என் எண்ணம்.

அவர் கணவர் இயக்குநர் ஏ. பீம்சிங். பாசமலர், பாவ மன்னிப்பு, பாலும் பழமும் எடுத்த அதே பீம்சிங். அவர் 1978 ஜனவரியில் இறந்தபோது சுகுமாரிக்கு முப்பத்தேழு வயது, கையில் ஒரு மகன். அதற்குப் பிறகு வந்த முப்பத்தைந்து வருடமும் அவர் நிறுத்தாமல் நடித்தார், சினிமா, சீரியல் எதையும் சின்னது என்று தள்ளவில்லை. இரண்டாயிரம் படத்துக்கு மேல் என்று சொல்வார்கள். அவ்வளவு நடித்ததற்குக் கலை ஆசை மட்டுமா காரணம்? வீட்டுக்குச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணின் உழைப்பு அது. நான் தறி வீட்டில் வளர்ந்தவள், உட்கார்ந்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதும்போதே மனது கனக்கிறது.

பத்மஸ்ரீ 2003-இல் வந்தது. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது 2010-ஆம் ஆண்டுப் படத்துக்கு, அதாவது எழுபதாவது வயதில், அதுவும் ஒரு தமிழ்ப் படத்துக்கு: மோகன் சர்மா எடுத்த 'நம்ம கிராமம்'. அந்த வருடம் சிறந்த நடிகை விருதில் சரண்யா பொன்வண்ணன் பெயரும் இருந்தது, 'தென்மேற்கு பருவக்காற்று' அம்மாவுக்காக. இரண்டுமே தமிழ், இரண்டுமே வயதான பெண்கள் வேடம். 'நம்ம கிராமம்' பாலக்காட்டு அக்ரஹாரத்துக் கதை. சின்ன வயதிலேயே விதவையான ஒரு பெண்ணுக்கு அந்த வீடு என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். சுகுமாரி அங்கே ஒரு விதவைப் பாட்டி. தக்கலைக்காரி மகளே, பட்டியலில் முதலில் இதைப் போடு.

2013 பிப்ரவரி கடைசியில் சென்னை வீட்டில் பூஜைக்கு விளக்கு ஏற்றும்போது சேலையில் தீப்பிடித்தது. மார்ச் 26 அன்று ஆஸ்பத்திரியில் இறந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மா விளக்கேற்றும்போது முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினார். அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை.

மார்த்தாண்டம் மேற்கு

அக்கா, மேடையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் 'சட்டக்காரி' மாதிரி ஒரு வேடம் தமிழில் அவருக்கு முப்பது நாற்பது வயதில் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் போகாது.

வடசேரி வாசகர்

எல்லைப் பக்கத்துக் காது என்று ஒன்று இருக்கிறது. களியக்காவிளையில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்குவதற்குள் எத்தனை தினுசுப் பேச்சு கேட்கிறோம். சின்ன வயதிலேயே போய்விட்டாலும் சுகுமாரிக்கு அந்தக் காது இங்கேதான் முளைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். கலைவாணருக்கு நாம் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலையாவது இந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும், மாவட்டக்காரர்கள் பட்டியல் போடும்போது இவர் பெயர் விட்டுப்போவதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

தக்கலைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பறக்கை அக்கா சொன்னதை அப்படியே அம்மச்சிக்குப் படித்துக் காட்டினேன். ஜெயலலிதாவுக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம்கூட இல்லை என்றதும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அக்கா, பட்டியலில் முதலாவதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன், மன்னியுங்கள். அம்மச்சியும் கணவரை இழந்தவர், விதவைப் பாட்டியை உடனே காட்ட மனது வரவில்லை. நேற்று ராத்திரி 'சட்டக்காரி' போட்டோம். பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், கடைசி வரை உட்கார்ந்திருந்தார். மகள் கர்ப்பம் என்று மார்கரெட்டுக்குத் தெரியவருகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. படம் முடிந்ததும், "நாளைக்கு அந்த சமையல்காரி படத்தைப் போடு, சிரிச்சுட்டுத் தூங்கணும்" என்றார். கொச்சித் தோழியையும் ஓணத்துக்கு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், அம்மச்சிக்கு அவளிடம் நேரில் பேச வேண்டுமாம்.