பாரிஸுக்கு அடியில் இவ்வளவு வெற்றிடம் இருந்தும் ஊர் எப்படி நிற்கிறது?

மண்புழு கேட்டது:
பாரிஸ் நகருக்கு அடியில் மனித எலும்புகள் அடுக்கிய சுரங்கங்களான கேட்டகோம்ப்ஸ் பற்றிய வீடியோக்கள் எல்லாமே மண்டையோடுகளைத்தான் காட்டுகின்றன. எனக்கு வேறு சந்தேகம். எலும்புகளை வைக்கத்தான் அந்தச் சுரங்கங்களைத் தோண்டினார்களா, ஏற்கெனவே இருந்தவையா? மேலே ஆறேழு மாடிக் கட்டடங்கள் எப்படி நிற்கின்றன?

கல்தச்சன்:
முதலில் கல் வெளியே போனது, எலும்பு வெகு காலம் கழித்துத்தான் உள்ளே வந்தது. அவை சுண்ணாம்புக்கல் குவாரிகள். நோத்ர்தாம் தேவாலயம், லூவ்ர் அரண்மனை எல்லாம் அந்த வகைக் கல்லில் எழும்பியவை. வெட்டிய காலத்தில் குவாரிகள் ஊருக்கு வெளியே இருந்தன. கைவிட்ட பிறகு ஊர் பரவி அவற்றின் மேலேயே வீடு கட்டிக்கொண்டது. கீழே எங்கே பள்ளம், எங்கே பாறை என்று முழு வரைபடம் அப்போது யாரிடமும் இல்லை.

குவாரியின் கூரைக்கல் ஒருநாள் உதிரும். அந்த இடத்தில் அதற்கு மேலுள்ள அடுக்கு உதிரும். வெற்றிடம் மணி வடிவில் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வரும். தரையை எட்டும்வரை மேலே நடப்பவருக்கு எதுவுமே தெரியாது. 1774 டிசம்பரில், இன்றைய தான்ஃபேர்-ரோஷ்ரோ சதுக்கத்தின் பக்கம், ஒரு தெருவே சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு உள்ளே போய்விட்டது.

1777இல் அரசு இதற்கென்றே ஒரு ஆய்வுத் துறை தொடங்கி, ஷார்ல்-ஆக்சல் கியோமோ என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தது. அவர் செய்த வேலையை நினைத்தால், கட்டுமானத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இன்றும் சிலிர்க்கும். மேலே ஓடும் தெருக்களுக்கு நேர் கீழே சுரங்கப் பாதை போட்டு, வெற்றிடங்களைத் தேடிப் பிடித்து, தூணும் தாங்குசுவரும் எழுப்பி, வரைபடம் வரைந்துகொண்டே போனார். மேலே என்ன தெருவோ அதன் பெயரைக் கீழே கல்லில் செதுக்கினார்கள். கட்டிய சுவரில் வரிசை எண், அவர் பெயரின் முதலெழுத்து 'ஜி' (G), ஆண்டு மூன்றும் இருக்கும். ஊர் நிற்பது அந்தச் சுவர்களால்தான். அந்தத் துறை இன்றும் வேலை செய்கிறது.

மண்புழு:
அப்போ எலும்பு எப்படி வந்தது?

கல்தச்சன்:
ஊர் நடுவில் இருந்த இன்னோசான் கல்லறைத் தோட்டம் பல நூற்றாண்டுப் பிணங்களால் நிரம்பி வழிந்தது. 1780இல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் அந்தப் பாரம் தாங்காமல் உடைந்தது. அந்தக் கல்லறைத் தோட்டத்தையே மூடினார்கள். கியோமோ பலப்படுத்திய குவாரி ஒன்று கைவசம் இருந்தது. 1786 ஏப்ரலில் அதைப் புனிதப்படுத்தி, இரவில் கறுப்புத் துணி போர்த்திய வண்டிகளில், பாதிரியார்கள் கூடவே வர, எலும்புகளைக் கொண்டுபோனார்கள். மற்றக் கல்லறைகளும் தொடர்ந்தன. மொத்தம் சுமார் 60 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. முதலில் சும்மா கொட்டித்தான் வைத்தார்கள். 1810 வாக்கில் அந்த ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த எரிகார் த துரிதான் இப்போது பார்க்கும் அடுக்குச் சுவராக மாற்றினார். முன்வரிசைக்குப் பின்னால் இன்றும் குவியல்தான்.

ஊர்சுற்றி:
அடுத்த மாதம் போகிறேன். டிக்கெட் வேண்டாம், வேறு துளை வழியாக உள்ளே கூட்டிப்போகிறேன் என்கிறார் அங்குள்ள நண்பர். போகலாமா?

கல்தச்சன்:
தயவுசெய்து வேண்டாம். மக்கள் பார்க்கத் திறந்திருப்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மொத்தப் பாதைகளோ 300 கிலோமீட்டருக்குப் பக்கம். மற்ற இடங்களில் நுழைவது 1955 முதல் தடை, பிடித்தால் அபராதம். அபராதத்தை விடுங்கள். பிலிபேர் அஸ்பேர் என்ற மருத்துவமனைக் காவலாளி 1793இல் தனியாக உள்ளே போனார். உடல் கிடைத்தது 1804இல். அவர் கல்லறையும் அங்கேயே கீழேதான் இருக்கிறது.

டிக்கெட் வாங்கியே போங்கள். இறங்க 131 படி, ஏற 112 படி, முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். கீழே எப்போதும் 14 டிகிரி, ஒரு ஸ்வெட்டர் போதும். எலும்புகள் இருக்கும் கூடத்துக்கு முன்னால் வெறும் சுவராக ஒரு நீண்ட நடை வரும். எல்லோரும் அங்கே வேகமாகக் கடந்துவிடுவார்கள். நீங்கள் நின்று, செதுக்கிய எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கூரையில் ஒரு கறுப்புக் கோடும் தெரியும். விளக்கு வசதி இல்லாத காலத்தில் பார்வையாளர்கள் வழி தவறாமலிருக்கப் போட்டது அது.

ஊர்சுற்றி:
சரி, டிக்கெட்டே போட்டுவிடுகிறேன். நண்பரையும் அதே வழியில் இழுத்துப் போகிறேன்.