புதுப்பிப்பு: உப்பிய சுவரில் கிச்சன் கபோர்டு மாட்டியாச்சு

சமையலறைச் சுவர் நடுவில் உப்பியிருக்கிறது, மேல் கபோர்டை எப்படி மாட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி, வேலை நல்லபடியாக முடிந்தது.

ரசமட்டம் வைத்துப் பார்த்தால் 12 மி.மீ. வித்தியாசம். பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசலாம் என்றார் மேஸ்திரி. உள்ளே கரண்ட் பைப் ஓடுவதால் அதைத் தொடவில்லை.

ஆசாரி சுவர் அதிகம் துருத்தும் இடத்தைத் தொட்டபடி நூல் பிடித்தார். மற்ற இடங்களில், ஸ்க்ரூ வரும் இடத்துக்கு நேர் பின்னால் பிளைவுட் துண்டுகளை அடை கொடுத்தார். இதுதான் முக்கியம்: அடை இல்லாமல் இறுக்கினால் பெட்டியே முறுக்கிக்கொள்ளும், கதவுகள் ஒரே நேரில் நிற்காது.

ஓர இடைவெளிக்கு அவர் செய்தது அருமை. ஃபில்லர் பட்டையைச் சுவரோரம் நேராக நிறுத்தி, சின்னக் கட்டையோடு பென்சிலைச் சேர்த்துப் பிடித்து, கட்டை சுவரை உரசியபடி மேலிருந்து கீழே இழுத்தார். சுவரின் வளைவு அப்படியே பட்டையில் விழுந்தது. அந்தக் கோட்டில் இழைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது.

கீழ்ப் பெட்டிகளுக்கு, திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்களே போதும். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்துக்கு வெள்ளை சிமென்ட் வேண்டாம், விரிசல் விடும். சிலிக்கான் போடச் சொல்லுங்கள்.