பழைய எஸ்டீம்: ஏசி போட்டால் ஐடில் விழுகிறது, மேனிஃபோல்டை இறக்க வேண்டுமா?

வைகைக்கரை:
வணக்கம். எங்களிடம் இருப்பது 2004 மாடல் மாருதி எஸ்டீம் கார், 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் எஞ்சின். அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்குகிறது. சிக்னலில் ஏசி ஓடினால் சில நேரம் எஞ்சின் ஆஃப் ஆகிவிடுகிறது. ஓட்டத்தில் இழுவை குறையவில்லை. பிளக்கும் ஏர் ஃபில்டரும் புதிது. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஏர் ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. மெக்கானிக் மேனிஃபோல்டையே (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) இறக்க வேண்டும் என்கிறார். நண்பர் ஒருவர் டேங்கில் கிளீனர் ஊற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?

ஸ்பேனர் செட்:
இரண்டுமே வேண்டாம் தம்பி. எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் இன்ஜெக்டர் த்ராட்டிலுக்கு அப்புறம், வால்வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்ரோல் த்ராட்டில் பக்கமே வராது, அப்புறம் டேங்கில் ஊற்றுவது அதை எப்படிச் சுத்தம் செய்யும்? இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் பட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே படிவு குறைவு. இழுவை நன்றாக இருக்கும்போது மேனிஃபோல்டை இறக்குவது வீண் செலவு.

ஐடிலில் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். தேவையான காற்று விளிம்பு இடுக்கிலும் ஐ.ஏ.சி. வால்வு (ஐடிலுக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) வழியாகவும்தான் போகிறது. அந்தச் சின்ன வழியில் பிசுக்கு அடைத்தால், ஏசி கம்ப்ரசர் சுமை ஏறும்போது வால்வால் ஈடுகட்ட முடியாது. அதனால் த்ராட்டில் பாடியையும் (அந்தத் தட்டு இருக்கும் கூடு) ஐ.ஏ.சி. வால்வையும் மட்டும் கழற்றுங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவ் எடுத்துவிட்டு ஆரம்பிக்கவும். த்ராட்டில் பாடிக்குள் கூலன்ட் போகும் ஹோஸ்கள் உண்டு, கழற்றியதும் நுனியை அடைத்துவிடுங்கள். எந்த ஹோஸ் எங்கே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஏ.சி. ஸ்க்ரூக்கள் இறுகிப்போயிருக்கும். ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளில் வருவது ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) தலை, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதை மழுக்கிவிடும். பொருத்தமான டிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்கவும். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கலாம். த்ராட்டில் சென்சாரிலும் ஐ.ஏ.சி. காயிலிலும் திரவம் இறங்கக் கூடாது. தட்டு விளிம்பில் மங்கலான சாம்பல் பூச்சு இருந்தால் சுரண்டாதீர்கள், அது காற்றை அடைக்கப் போட்ட பூச்சு. த்ராட்டிலை நிறுத்தும் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. புது கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) கட்டாயம், சிலிகான் பேஸ்ட் வேண்டாம்.

நெய்தல்:
பிசுக்கு எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் மறுபடி சேரும். பி.சி.வி. வால்வை (எஞ்சினின் எண்ணெய்ப் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் வால்வு) கழற்றி ஆட்டுங்கள், கடகடவென்று சத்தம் வர வேண்டும். ஹோஸ் கல் போல் இறுகி விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த எஞ்சினில் காற்றை அளக்கும் சென்சார் இல்லை, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான். அதனால் எங்காவது காற்று கசிந்தால் பெரும்பாலும் ஐடில் கூடும்.

வைகைக்கரை:
அண்ணா, முடித்துவிட்டேன். மிக்க நன்றி. ஐ.ஏ.சி. வால்வின் துளை பாதிக்குமேல் கரியால் மூடியிருந்தது. பி.சி.வி. ஹோஸும் அடிப்பக்கம் பிளந்திருந்தது, மாற்றினேன். இப்போது ஏசி போட்டாலும் ஆஃப் ஆகவில்லை. ஆனால் ஐடில் நிமிடத்துக்கு 1,200 சுற்றிலேயே நிற்கிறது. கேஸ்கெட் கசிகிறதா என்று கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கட்டுமா?

ஸ்பேனர் செட்:
வேண்டவே வேண்டாம், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். எஞ்சின் ஓடும்போது தண்ணீரை லேசாக ஸ்ப்ரே செய்து இணைப்புகளைப் பாருங்கள், எலக்ட்ரிக் பகுதிகளில் படாமல். ஐடில் மாறும் இடத்தில்தான் கசிவு. அதற்கு முன்னால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெடலை விட்டதும் தட்டு 'டக்' என்று மூட வேண்டும். கேபிள் சரியாக இருந்தால் கூலன்ட் நிரப்பி, சூடேறும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். அடைப்பு இருந்த காலத்தில் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பழகிய கணக்கு மாறக் கொஞ்ச நேரம் ஆகலாம். ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகும் இறங்காவிட்டால் எழுதுங்கள்.

வைகைக்கரை:
கேபிள்தான் அண்ணா. நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் லூஸ் கொடுத்ததும் 850-க்கு வந்துவிட்டது. ஏசியோடும் சீராக நிற்கிறது.