அப்பா அம்மாவுக்கு மெடிகேர்: அந்த ஏழு மாதத்தைத் தவற விடாதீர்கள்

தை மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, மகன் அமெரிக்காவுக்குக் கூப்பிடுதான். கிரீன் கார்டும் வந்துட்டு. அங்க அறுபத்தஞ்சுக்கு மேல ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கவர்மெண்டு பாத்துக்கிடுமாமே?" அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிரீன் கார்டில் புதிதாக வந்து இறங்கிய பெரியவர்களுக்கும், அவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

அவர் கேட்டது மெடிகேர் பற்றி; 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு அது. அதில் சேர 65 வயது மட்டும் போதாது. கிரீன் கார்டோடு அமெரிக்காவில் தொடர்ந்து 5 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். அதற்கு அப்புறமும் இலவசம் இல்லை. அங்கே வரி கட்டி 40 காலாண்டு, அதாவது 10 ஆண்டு வேலை பார்த்திருந்தால்தான், ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கான பார்ட் ஏ சும்மா கிடைக்கும். கணவன் அல்லது மனைவியின் உழைப்புக் கணக்கும் செல்லும். மகன், மகள் கட்டிய வரி செல்லாது. மின்வாரியத்தில் 35 வருஷம் வேலை பார்த்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் ஏறாது, இரு நாட்டுக்கும் நடுவில் அப்படி ஒப்பந்தம் கிடையாது.

ஆக, பெரும்பாலான நம் அப்பா அம்மாக்கள் காசு கட்டித்தான் சேர வேண்டும். 2026-இல் பார்ட் ஏ மாதம் 565 டாலர். டாக்டர், பரிசோதனைச் செலவுகளுக்கான பார்ட் பி 202.90 டாலர். இரண்டு பேருக்கும் சேர்த்தால் மாதம் 1,500 டாலரைத் தாண்டுகிறது. பார்ட் பி மட்டும் எடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுக்க வேண்டி வந்தால் அந்தப் பில் முழுவதும் உங்கள் தலையில். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் 5 ஆண்டுக்கு என்ன செய்வது? அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்ப்ளேஸில் ஒரு திட்டம் வாங்கலாம், 65 தாண்டியிருந்தாலும் சரி. வந்து இறங்கிய 60 நாளுக்குள் இந்த வேலையை முடியுங்கள்.

இனி தேதி விஷயம். என் மனசில் இன்னும் ஆறாதது இதுதான். என் அம்மாவுக்கு 2019 மே மாதம் 5 ஆண்டு முடிந்தது. அந்த மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று என ஏழு மாதம்தான் பதிவு செய்யும் காலம். சோஷியல் செக்யூரிட்டி என்கிற அமெரிக்க அரசு ஓய்வூதியப் பணம் வாங்குகிறவர்களுக்கு மெடிகேர் கார்டு தானாக வீடு தேடி வரும். அம்மாவுக்கும் அப்படி வரும் என்று நான் இருந்துவிட்டேன். வரவில்லை. ஆகஸ்ட் போயிற்று. அடுத்த வாய்ப்பு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது பதிந்தாலும் ஜூலை முதல் தேதிதான் காப்பீடு தொடங்கும் என்பது அன்றைய விதி. அது கொரோனா பரவிய 2020. அந்த நாலைந்து மாதம் அம்மா இருமினால்கூட எனக்கு அடிவயிறு கலங்கும். 2023 முதல் விதி மாறி, பதிந்த அடுத்த மாதமே காப்பீடு வந்துவிடுகிறது. ஆனால் அபராதம் மாறவில்லை: பார்ட் பி-யில் சேராமல் விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. கிரீன் கார்டில் 'Resident Since' என்று போட்டிருக்கும் தேதியோடு 5 ஆண்டைக் கூட்டி இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஊர்ப் பயணத்தையும் அந்த ஏழு மாதத்துக்குப் பொருந்தும்படி வையுங்கள்.

சேர்ந்தபின் எது நல்லது, பார்ட் ஏ, பி இரண்டையும் சேர்த்துத் தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டமா, அரசின் மூல மெடிகேரோடு, அது கொடுக்காமல் விடும் செலவுக்கான துணைக் காப்பீடான மெடிகேப்பா? வருஷத்தில் பாதியை ஊரில் கழிக்கிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். அட்வான்டேஜ் உள்ளூர் டாக்டர்களோடு கட்டுப்பட்டது. ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பகுதியை விட்டுப் போனால் பொதுவாகப் பெயரை எடுத்துவிடுவார்கள். மெடிகேப்பை, பார்ட் பி தொடங்கிய 6 மாதத்துக்குள் வாங்கினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. மருந்துக்குப் பார்ட் டி தனி, அதையும் விடாதீர்கள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மெடிகேர் கார்டை நீட்டிப் பயனில்லை; அமெரிக்காவுக்கு வெளியே அது அநேகமாகச் செல்லாது. ஜி போன்ற சில மெடிகேப் திட்டங்கள், பயணத்தின் முதல் 60 நாளில் நேரும் அவசரச் செலவில் 80 சதவீதம் தரும், அதுவும் ஆயுளுக்கு 50,000 டாலர் வரைதான். அதனால் ஊரில் எடுத்து வைத்திருக்கும் பாலிசியை "இனி எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை மறுபடி காத்திருக்க வேண்டிவரும்.