டர்போ காரில் ஆயில் கசிவு: டர்போவையே மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ பொருத்திய 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட என் கார் இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக, நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நிறுத்தும்போதெல்லாம் பானட் இடுக்கிலிருந்து எண்ணெய் தீய்ந்த வாடை வருகிறது. மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரிய கறை தெரிகிறது. கடந்த 1,500 கிலோமீட்டரில் ஏறக்குறைய அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலால் துடைத்துக் காட்டினார். விரல் ஆயிலில் பளபளத்தது. டர்போ சீல் போய்விட்டது, டர்போவை மாற்றுவதுதான் வழி என்கிறார். ஆயில் எரிந்தால் வரும் நீலப் புகை எதையும் நான் பார்க்கவில்லை. அவர் சொல்வது சரிதானா? கசிவை அடைக்கும் திரவம் என்று விற்கிறார்களே, அதை ஊற்றிப் பார்க்கலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

முதல் பதில்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரமானது. தீய்ந்த வாடை வருகிறது என்றால், ஆயில் டர்போவின் மேலோ, எஞ்சினின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலோ விழுகிறது என்று பொருள். வேகமாக ஓட்டி வந்த உடனே அந்த உலோகத்தின் சூடு பல நூறு டிகிரி இருக்கும். அதன்மேல் ஆயில் சேர்ந்துகொண்டே போனால் தீப்பிடிக்கக்கூடும். பானட்டைத் திறக்கும்போது புகை எழுந்தாலோ, ஓடும்போது ஆயில் அழுத்த விளக்கு எரிந்தாலோ வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்றபடி, பணிமனைக்குப் போகும் தூரத்துக்கு மேல் ஓட்டாமலிருப்பது நல்லது.

குழாயில் ஆயில் பளபளப்பதை மட்டும் வைத்து டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவி டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் விடப்படுவதால், நல்ல நிலையில் உள்ள எஞ்சினிலும் அந்த மெல்லிய படலம் இருக்கும். குழாயைச் சாய்த்தால் ஆயில் ஒழுகி வழிகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கசிந்த ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்றில் பின்னோக்கியும் பரவும். ஆகவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சின் ஆறிய பிறகு கிரீஸ் நீக்கும் திரவம் தெளித்துத் துடைத்து, ஈரம் முழுவதும் காய்ந்ததும் சந்தேகமான இணைப்புகளின்மேல் முகப் பவுடரைத் தூவி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் எந்த இடத்தில் மிக உயரத்தில் நனைந்திருக்கிறதோ அதுதான் மூலம். வால்வ் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட் (இணைப்பின் இடுக்கை அடைக்கும் பட்டை), டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் செப்பு வாஷர்கள், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயின் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடம் ஆகிய நான்கையும் விட்டுவிடாதீர்கள்.

கசிவை அடைக்கும் அந்தத் திரவம் வேண்டாம். அது ரப்பர் சீலை ஊற வைத்துப் பருக்கச் செய்வது. கிழிந்த கேஸ்கெட்டையும் நசுங்கிய செப்பு வாஷரையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது பதில்

நான் பல ஆண்டுகளாக இந்த வேலை செய்பவன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது; அந்த வேகத்துக்கு ரப்பர் சீல் தாங்காது என்பதால், பிஸ்டன் ரிங் போன்ற சிறு வளையங்களே அங்கே இருக்கின்றன. ஆயில் தடையில்லாமல் கீழே வடிந்தால்தான் அந்த வளையங்களால் அதைத் தடுக்க முடியும். திரும்பும் குழாயில் பம்பு கிடையாது, ஆயில் தன் எடையால்தான் இறங்குகிறது. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, எஞ்சினுக்குள் அழுத்தம் கூடினாலோ, புத்தம்புது டர்போவும் ஆயில் கக்கும்.

தொழில் கற்றுக்கொண்ட நாளில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. புது டர்போ மாட்டி ஒரு வாரத்தில் வண்டி நீலப் புகையோடு திரும்பி வந்தது. திரும்பும் குழாயைக் கழற்றிப் பார்த்தால், கேஸ்கெட்டோடு சேர்த்து நான் தாராளமாகப் பூசிய சிலிகான் பசை உள்பக்கம் பிதுங்கி, துளையைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. டர்போவில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே முதலில் எஞ்சினின் மூச்சைச் சோதியுங்கள். வண்டி நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தித் தூக்கிப் பாருங்கள். காற்று வெளியே தள்ளினால், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைச் சந்தேகிக்கலாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பவுடர் தூவிப் பார்த்ததில், வால்வ் கவரின் பின்பக்க மூலையிலிருந்துதான் ஆயில் இறங்கி எக்ஸாஸ்ட் கவசத்தின்மேல் விழுகிறது. டர்போவைச் சுற்றிப் பூசிய பவுடர் உலர்ந்தே இருந்தது. ஆனால் மூடியைத் தூக்கினால் காற்று தள்ளவில்லை, இலேசாக உள்ளே இழுக்கத்தான் செய்கிறது. நகருக்குள் ஓட்டினால் கசிவே இல்லை, வேகமாக ஓட்டினால் மட்டும் நனைகிறது. இது எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது பதில்

நீங்கள் சொன்ன கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, காற்று எஞ்சினுக்குள் நுழையும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருப்பதால் அது உள் ஆவியை உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தி ஓட்டும்போதோ டர்போ காற்றைத் திணிப்பதால் அதே மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பி.சி.வி. வழியாக எஞ்சினுக்குள் பின்னோக்கிப் புகாதபடி ஒருவழி வால்வு தடுக்க வேண்டும். அது மூடாமல் போனால், டர்போ தள்ளும் காற்று எஞ்சினுக்குள் நுழைந்து, எந்தக் கேஸ்கெட் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைப் பிதுக்கும். நின்ற நிலையில் செய்யும் மூடிச் சோதனையில் இந்தக் கோளாறு அகப்படாது. உங்கள் எஞ்சினில் வால்வு தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால், ஒரு சிறு குழாயைப் பொருத்தி இருபுறமும் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு வால்வை விட்டுவிட்டால், புதுக் கேஸ்கெட்டும் சில மாதங்களில் நனையும்.

கேட்டவர்

வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போயிற்று. மெக்கானிக்கே இன்னொரு முறை ஊதிப் பார்த்துவிட்டு, டர்போ பேச்சை விட்டுவிட்டார். பழைய வால்வ் கவர் கேஸ்கெட் ரப்பராகவே இல்லை, வளைத்ததும் பிளாஸ்டிக் போல ஒடிந்தது. இரண்டையும் மாற்றி, எஞ்சினை நன்றாகக் கழுவி, 800 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை. வண்டிக்கு அடியில் விரித்து வைத்த அட்டையில் முதல் இரண்டு நாள் சில துளிகள் விழுந்தன. கவசத்தின் மடிப்பில் தங்கியிருந்த பழைய ஆயிலாக இருக்க வேண்டும். அதன் பின் போட்ட அட்டை இன்னும் சுத்தமாகவே இருக்கிறது.